76 நாள் மடி

சென்னை அசோக் நகரில் ஏதாவது ஓர் அவென்யூவில், இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில், இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி, நீல விளக்கு, அலையடிக்கும் மோட்டார், உள்ளே பாறை. மீன் மட்டும் இருக்காது.

"மீனெல்லாம் எங்க சார்?"

"க்யூடியில இருக்கு" என்பார், பிள்ளை ஐஐடியில் இருக்கிறான் என்று சொல்கிற குரலில்.

க்யூடி, அதாவது குவாரண்டைன் டேங்க், இருப்பது விருந்தாளிகளுக்கான பாத்ரூமில். மணலும் பாறையும் இல்லாத மொட்டைத் தொட்டி. ஒளிந்துகொள்ள நாலு பிவிசி பைப் துண்டு. கொளத்தூரிலிருந்து பாலிதீன் பையில் வந்த கோமாளி மீன்கள் அங்கே மருந்துத் தண்ணீரில் நாள் எண்ணுகின்றன. திருச்சியிலிருந்து வந்த மச்சினர் குடும்பம் மிச்சமிருக்கும் ஒரே பாத்ரூம் வாசலில் வரிசையில் நிற்கிறது.

ஏன் என்று கேட்டால் உட்காரச் சொல்வார். உட்கார்ந்தால் போச்சு. கடல் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் என்று ஒன்று உண்டு. அந்தக் கிருமி மீன் உடம்பில் சில நாள் தின்று கொழுக்கும். பிறகு உதிர்ந்து, பாறையிலோ மணலிலோ கூடு கட்டிக்கொண்டு, உள்ளேயே நூற்றுக்கணக்கில் பெருகி வெளியே வரும். வந்த கையோடு மீன் கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் செத்துப்போகும். சில கூடுகள் பத்து வாரம்கூடச் சும்மா கிடந்துவிட்டு வெடிக்கும் என்பதால்தான் பெரிய தொட்டியை 76 நாள் மீனில்லாமல் காயப்போடுகிறார். செம்பு மருந்து கிருமியைக் கொல்லும். கூடவே நத்தை, நண்டு, இறாலையும் கொல்லும். ஆகவே மருத்துவம் தனித்தொட்டியில். அறிவியல் முழுக்க அவர் பக்கம். அதுதான் வீட்டில் எல்லாருக்கும் எரிச்சல்.

"ஹவாயிலேர்ந்து ஃபிளைட்ல வர்ற தாய் இறாலுக்கே நீலாங்கரையில கவர்மெண்ட் க்யூடி வெச்சிருக்கு சார்!" என்பார். அதுவும் உண்மை. வனாமி இறாலுக்காக அப்படி ஒரு நிலையம் அங்கே இருக்கிறது.

உயிருள்ள பவளம் அவர் வைத்துக்கொள்வதில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001இலிருந்து, பவளமும் புலியும் ஒரே முதல் அட்டவணை. அதனால் ரெசினில் செய்த பவளம். அதையும் வாங்கி வந்த அன்றே மருந்து வாளியில் முக்கிவிட்டார்.

"பிளாஸ்டிக்குக்கு என்னங்க சீக்கு வரும்?" என்றார் மனைவி.

"கடைக்காரன் தொட்டியில கிடந்தது இல்ல?"

பதில் சொல்ல முடியவில்லை.

2020இல் மாநகராட்சி வீட்டுக்கு வீடு தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டி, தெருவைத் தகரத்தால் அடைத்தபோது இவர் மட்டும் அசரவில்லை. "பதினாலு நாள் எப்படிப் போதும்?" என்று கேட்டார். ஆனால் இவருக்கே சளி பிடித்தால் தும்மிக்கொண்டே மண்டபத்துக்குப் போய் மொய் எழுதி, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துவிட்டு வருவார். அது வெறும் ஜலதோஷம்.

இந்தக் கூத்தையெல்லாம் ரசிப்பவர் எண்பது தாண்டிய அம்மா ஒருவர்தான். கொடியில் கோலால் எடுத்த மடிப்புடவையைப் பார்த்துக் கேலி பேசி வளர்ந்த பிள்ளை இவர். இன்று சிவப்பு வாளி க்யூடிக்கு, நீல வாளி ஹாலுக்கு. இந்த வலை அந்தத் தண்ணீரில் படக்கூடாது. முழங்கை வரை கழுவாமல் எதையும் தொடக்கூடாது. பாத்திரம் தேய்க்க வரும் அக்கா அந்தக் கதவைத் திறந்தாலே வீடு அதிரும்.

"என் மாமியார்கூட இவ்ளோ படுத்தலைடா" என்கிறார் அம்மா, ஏகப்பட்ட திருப்தியோடு.

76 நாள் முடிந்த வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மீன்களைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

"ராகு காலம் ஆரம்பிச்சாச்சுடா."

"மீனுக்கு ஏதும்மா ராகு காலம்? மூடநம்பிக்கை" என்றவர், கிண்ணத்தைத் தொட்டியில் மிதக்கவிட்டு, உப்புமானியை எடுத்து ஒரு தடவை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். சூடும் உப்பும் சமமாக இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமாம்.

சரியாகப் பன்னிரண்டு ஐந்துக்குச் சமமாகிவிட்டது.