மொட்டைமாடிக் கமக்காரர்

தெமட்டகொடையில் தோட்டம் செய்ய நிலம் ஏது என்று கேட்டால் நீங்கள் கொழும்புக்குப் புதிது. ஒரு பக்கம் பேஸ்லைன் வீதி, மறுபக்கம் ரயில் எஞ்சின்கள் இளைப்பாறும் கொட்டகை, இடையில் கறுத்த தண்ணீரோடு கால்வாய். எஞ்சிய இடமெல்லாம் மாடிக்கு மேல் மாடி. அப்படியிருந்தும் சித்திரை வருஷம் பிறந்து, வெசாக் கூட்டுக்கு மூங்கில் சீவத் தொடங்கும் அந்த இடைவெளியில், சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் ஏதாவதொரு மொட்டைமாடியில் நின்று வானம் பார்ப்பார். பின்னேரம் மழை வருமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லுவார்.

இவர்தான் மொட்டைமாடிக் கமக்காரர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், சொந்த ஊர் வடமராட்சி அல்லது வலிகாமம். தொடர்மாடிக்கு ஒருவர் வீதம் கிடைப்பார். வெள்ளவத்தையில் ஒரே கட்டடத்தில் இருவர் இருப்பதுண்டு. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை.

அவருடைய அறிவுக்கெல்லாம் ஊற்று அப்பு. 1970களில் சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது, கொழும்பு பாணுக்கு வரிசையில் நின்றது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தார். மிளகாய் விற்ற காசில் கல்வீடுகள் எழும்பின. அப்புவும் அப்படி ஒன்று கட்டினார், மண்ணெண்ணெய் மிசினால் தண்ணீர் இறைத்து. மகனோ அந்த நேரம் விறாந்தையில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். ஐம்பது வருஷம் சொல்லிச் சொல்லிக் கதை முதிர்ந்துவிட்டது: மிசின் துலாவாகிவிட்டது, துலா மிதித்தவரும் மகனாகிவிட்டார்.

அப்புவுக்குப் பிறகு அவரைக் கமத்துக்கு இழுத்தது அரசாங்கம். 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, பயிர் படுத்த பிறகு நவம்பரில் தடையைத் தளர்த்திய அதே அரசாங்கம்தான், 2022 யூனில் அரச ஊழியருக்கு மூன்று மாதம் வெள்ளிக்கிழமை லீவு தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது. நாட்டில் பாதி அந்த லீவில் பெற்றோல் வரிசையில் நின்றது, மீதி நித்திரை கொண்டது. சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவர் இவர். இன்றும் அது மடித்தபடி விதைப் பைக்கற்றுகளோடு பிஸ்கற் டின்னுக்குள் இருக்கிறது.

கத்தரி என்றால் ‘தின்னவேலி ஊதா’தான். விவசாயத் திணைக்களத்தின் பட்டியலில் அந்தப் பெயர் இருப்பதைத் தன் ஊருக்குக் கிடைத்த பட்டமாகவே எடுத்துக்கொள்கிறார். திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு மற்றவர்கள் ஆலோசனை கேட்க அழைப்பார்கள். இவர் அழைப்பது ஆலோசனை சொல்ல. வெண்டி விதையை இரவே ஊறப்போட்டு விடிய நடுவார். அதில் குறை சொல்ல முடியாது, நன்றாக முளைக்கும். சாடிகளும் அரிசிப் பைகளும் உடைந்த பேசினும் நிரம்பும். ஊருக்குப் போய்வரும் உறவினர் எல்லோரும் ஆளுக்கொரு ஷொப்பிங் பை செம்மண் கொண்டுவர வேண்டும் என்பது எழுதாத சட்டம். பனங்கட்டிக்கு என்று ஒதுக்கிய இடத்தில் மண்ணைச் சுமந்தவர்கள் அடுத்த முறை சொல்லாமலே போய்வருகிறார்கள்.

அவரை வாட்டும் கவலை ஸ்காபரோவில் இருக்கிறது: மனைவியின் தம்பி. கனடாவில் பங்குனியிலேயே வீட்டுக்குள் விளக்கு வைத்துக் கன்று வளர்த்து, மே 25க்கு முந்திய திங்களில் வரும் விக்டோரியா தினம் கழிந்தால் இனி உறைபனி இல்லை என்று வெளியே நடுகிறார்கள். ஆவணியில் வட்ஸ்அப்பில் படம் வரும்: கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் மச்சான் ஒரு கத்தரிக்காயைத் தூக்கிக்கொண்டு நிற்பார். “அது கோடை நாள் நீளம், வெயில் கூட. மண்ணில ஒண்டுமில்லை” என்று விளக்கம் கொடுத்துவிட்டு, அன்று மத்தியானம் குறைவாகச் சாப்பிடுவார்.

தக்காளி அவருக்கு இன்னும் பணியவில்லை. இரவு வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளி பூத்துத் தள்ளுமே தவிரச் சரியாகக் காய் பிடிக்காது. கொழும்பின் மே இரவுகள் அந்தப் பக்கமே இறங்குவதில்லை. இதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. மூன்றாம் மாடிக்காரியின் நாவூறு என்கிறார். பாவற்பிஞ்சு ஒவ்வொன்றுக்கும் பழ ஈ குத்தாமல் வீரகேசரித் தாளில் சட்டை போட்டிருக்கிறார். கொடிக்குக் கீழே நின்றால் போன மாதத்து மரண அறிவித்தல்களை வாசிக்கலாம்.

புடலங்காய்தான் பெரிய வழக்கு. வளையாமல் நீள நுனியில் கல் கட்டுவது ஊர் வழக்கம். தெமட்டகொடையில் கல்லுக்கு எங்கே போவது? பழைய ஆமைப் பூட்டொன்றைக் கட்டினார். கைப்பிடிச் சுவருக்கு வெளியே காய் முழ நீளமாகத் தொங்கியது, பூட்டு காற்றில் ஆடியது. கடைசியில் மூன்றாம் மாடி உடுப்புக் கொடியில் இறங்கியது.

“அங்கிள், ஒங்கட பூட்டு எங்கட பெட்ஷீட்டுக்கு மேல கிடக்குது!”

“பூட்டை விடும் தங்கச்சி, காய் முறிஞ்சுபோச்சே?”

அறுவடை நாளில் ஏழு பயற்றங்காய். ஒரு கறிக்குக் காணாது. ஆனால் நான்கு வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் பகிரப் போதும். ஒவ்வொன்றோடும் பசளை போடும் முறை பற்றிக் கால் மணி நேரம் இலவசம். “இஞ்சாருங்கோ, உங்கட வெள்ளாமையைக் குடுத்து முடிச்சிட்டீங்களெண்டால் கீழ இறங்கி அரைக்கிலோ பயற்றங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ” என்று மனைவி பையை நீட்டுவா. போவார். போகும் வழியில் மரக்கறிக்காரனிடம் அவனுடைய காயில் என்ன குறை என்றும் சொல்லுவார்.

தென்மேற்குப் பருவ மழை இறங்கியதும் வருபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். 2017இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்ட பிறகு சாடித் தட்டுகளை யாரும் சும்மா பார்ப்பதில்லை. ஒரு திணைக்களம் சாடி வை என்கிறது, இன்னொன்று சாடியைக் கவிழ் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நம்மவர். பரிசோதகர் டோர்ச் அடித்துத் தட்டு தட்டாகப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை.

“தண்ணி தேங்க விடுறதேயில்லைப் போல, ஐயா?”

“எங்க தம்பி தேங்கிறது? ஊத்திறதெல்லாம் ஓட்டையால நேரே கீழ் வீட்டுக்கல்லோ போகுது!”

படியில் நின்ற மூன்றாம் மாடிக்காரி, தன் வீட்டுச் சீலிங்கையும் ஒருக்கால் டோர்ச் அடித்துப் பார்க்கும்படி பரிசோதகரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.