அகராதியை மனப்பாடம் செய்யலாமா?

கேள்வி: கடினமான ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டுத் தினமும் மனப்பாடம் செய்கிறேன். பேச வாய் திறந்தால் ஒன்றும் வருவதில்லையே, ஏன்?
– வாசகி, தேனி

பதில்: பட்டியலில் சொல் அநாதை, வாக்கியத்தில்தான் அதற்குச் சொந்தபந்தம். 'மிட்டிகேட்' என்றால் தணித்தல் என்று படித்திருப்பீர்கள். ஆபத்தை, பாதிப்பை 'மிட்டிகேட்' செய்வார்கள். தாகத்தை அப்படிச் சொல்லமாட்டார்கள். இந்த உறவுமுறையைப் பட்டியல் சொல்லித் தராது. செய்தித்தாளும் கதைப் புத்தகமும்தான் தரும்.

இன்னொன்று: 1978-இல் வந்த லாங்மேன் மாணவர் அகராதி, பொருள் விளக்கங்களைச் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதிக் காட்டியது. அந்த 2,000 முதலில் நாக்கில் புரளட்டும். அப்புறம் நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி'யை எடுங்கள். சொற்களை வேரோடு பிடித்துக் காட்டும் அருமையான புத்தகம். புதுச் சொல் கிடைத்த அன்றைக்கே, உங்கள் வீட்டுச் சங்கதியை வைத்து ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள்.