நேரலைக்கு அப்பாற்பட்ட சபை

உள்ளூராட்சி சபைகள் தங்கள் அமர்வுகளை இணையத்தில் நேரலையாகக் காட்ட வேண்டும் என்று உலகமெங்கும் மக்கள் கேட்டுக் களைத்துப் போயிருக்கிறார்கள். நேரலை வேண்டுமாம், காணொளியைச் சேமித்து வைக்க வேண்டுமாம், கூட்டறிக்கையை வீட்டிலிருந்தே தேடிப் பார்க்க வசதி வேண்டுமாம். பாவம், அவர்களுக்குக் கல்முனையைத் தெரியாது. இந்தப் பிரச்சினையை வேரோடு தீர்த்து வைத்த ஊர் இது. அமர்வே இல்லை என்றால் எதை நேரலை செய்வது?

2018 பெப்ரவரியில் நாம் வாக்களித்து அனுப்பிய மாநகர சபை, ஒரு வருட நீடிப்பையும் அனுபவித்துவிட்டு 2023 மார்ச் 19 நள்ளிரவோடு முடிந்தது. அதே மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தலுக்குத் திறைசேரியில் காசில்லை என்றார்கள். அப்படி நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6ஆம் திகதி நாட்டின் 339 சபைகளுக்கு வாக்களிப்பு நடந்தது. காரைதீவார், நிந்தவூரார், சம்மாந்துறையார், அக்கரைப்பற்றார் எல்லோரும் விரலில் மை பூசிக்கொண்டார்கள். இலங்கையில் உள்ளவை 341 சபைகள். எல்பிட்டிய முந்தைய ஒக்டோபரிலேயே வாக்களித்து முடித்திருந்தது. மிச்சம் ஒன்று. வழக்கின் காரணமாகத் தேர்தலுக்கு வெளியே நின்ற அந்த ஒன்றுதான் கல்முனை மாநகர சபை. தனித்துவம், தனித்துவம் என்று மேடை மேடையாகக் கேட்டு வளர்ந்த சமூகம் நாம். இந்தா, நாடு முழுக்க வேறெவருக்கும் இல்லாத தனித்துவம் கையில் கிடைத்துவிட்டது.

இதில் உள்ள நிருவாக அழகைக் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு வடிகானுக்கு மூடி போடவும் ஒருவர் முன்மொழிந்து, மற்றவர் வழிமொழிந்து, மூன்றாமவர் எதிர்த்து வெளிநடப்புச் செய்ய வேண்டியிருந்தது. உறுப்பினர்கள் இல்லாத சபையில் அந்த அலைச்சல் இல்லை. ஆணையாளரின் மேசையில் கோப்பு போகிறது, கையொப்பத்தோடு திரும்புகிறது. முன்மொழிவு, வழிமொழிவு, எதிர்ப்பு எல்லாம் ஒரே பேனாவுக்குள். இப்படியொரு ஏகமனது இதற்கு முன் எந்த முதல்வருக்கும் வாய்த்ததில்லை.

சபை இருந்த காலத்தில் நேரலையே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இருந்தது, இந்தக் கரையோரத்துச் சபை எதிலும் இருக்கிறது. கௌரவ உறுப்பினர் எழும்பும்போதே அவருடைய ஆள் ஒருவர் சுவரோரமாக நின்று போனை நிமிர்த்துவார். காற்றாடிச் சத்தம், முன்வரிசைக்காரரின் முழங்கை, பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல், நடுவில் நம் உறுப்பினர். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கி, எரியாத தெருவிளக்கில் ஏறி, வராத குப்பை வண்டியில் இறங்கி, மேசையில் ஓங்கி ஒரு தட்டு. அதற்குள் கட்டாரில் இரவு வேலை முடித்து வந்த பிள்ளைகள் கீழே "மாஷா அல்லாஹ்", "எங்கட சிங்கம்" என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். முதல்வர் மைக்கை இழுத்து, "கௌரவ உறுப்பினர் அவர்களே, அந்தத் தெருவிளக்குக்குப் போன மாதம் நீங்கதானே..." என்று ஆரம்பிக்கும் இடத்தில் நேரலை முடிந்துவிடும். டேட்டாவின் விலை தெரிந்தவர்கள். பதிலைக் காட்டிப் பொதுமக்களின் பணத்தை விரயமாக்காத இந்தச் சிக்கனத்தை எந்தக் கட்சிக்காரர் கண்டுபிடித்தார் என்று கேட்காதீர்கள். இதில் மட்டும் நம்மவர்களிடம் கட்சி பேதம் கிடையாது.

கருவி இல்லை, ஆளில்லை என்றும் யாரும் குறை சொல்ல முடியாது. சந்தாங்கேணி மைதானத்தில் மென்பந்துச் சுற்றுப்போட்டி என்றால் நேரலை. கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் என்றால் நேரலை. கலியாண வீட்டில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவது மூன்று கோணத்தில் நேரலை. இத்தனை திறமையும் சபை மண்டபத்தின் படியடியில் வந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறதே, அந்த மரியாதையைச் சொல்கிறேன்.

மரியாதை தெரியாதவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் செஷயரில் ஹான்ட்ஃபோர்த் என்ற சிற்றூர்ச் சபையினர் சூம் வழியாகக் கூடினார்கள். தலைவர் சத்தம் போட, கூட்டத்தை நடத்த வந்த ஜெக்கி வீவர் என்ற அம்மணி பொத்தானைத் தட்டித் தலைவரையே வெளியே அனுப்பிவிட்டார். அடுத்த பெப்ரவரியில் காணொளி பரவி இலட்சக்கணக்கானோர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு கிராமத்துச் சண்டை உலகத்துக்கே தெரிந்துபோனது. அதைவிடக் காரமான அமர்வுகளைக் கண்டவர்கள் நாம். வெளியூர்க்காரன் ஒருவனுக்காவது தெரியுமா?

கொழும்பும் நம்மிடம் பாடம் படிக்கவில்லை. பாராளுமன்றத்தின் கோப் குழுவை 2019இல் ஊடகங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அரச நிறுவனங்களின் பெரிய அதிகாரிகள் கேள்விக்குப் பதில் தெரியாமல் கோப்பைப் புரட்டுவதைக் கடையில் தேத்தண்ணி குடிப்பவனும் பார்க்கலானான். தமிழ்நாட்டுக்காரர் கொஞ்சம் விவரமானவர்கள். 2022 ஜனவரி 6ஆம் திகதி சட்டசபை நடவடிக்கைகளை நேரலையில் காட்டத் தொடங்கியபோது கேள்வி நேரத்தை மட்டும் காட்டினார்கள். முழுவதையும் காட்டக்கூடாது என்ற அளவுக்காவது நம் உறுப்பினர்களின் வழிக்கு வந்திருக்கிறார்கள்.

நம் பக்கம் உலகக் கமரா வராமலும் இல்லை. அட்டாளைச்சேனைக்கு மேற்கே பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் நின்று பொலித்தீன் தின்னும் படம் 2022இல் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. எட்டு வருடத்தில் இருபது அளவில் யானைகள் அதைத் தின்று செத்ததாகச் செய்தி சொன்னது. நம் கரையோர ஊர்களின் குப்பை அங்கே போவதென்று எந்த அமர்வில் முடிவானது, யார் கைதூக்கினார், யார் வாய்மூடி இருந்தார் என்பதைக் காட்டும் படம் மட்டும் இல்லை. கமராவுக்கு முகம் காட்டும் சங்கடத்தை யானைகளிடம் ஒப்படைத்துவிட்ட பெருந்தன்மை அது.

கல்முனையிலிருந்து பிரிந்து தனிச் சபை கேட்ட சாய்ந்தமருதுக்கான ஏற்பாட்டில் இன்னும் வேகம். 2020 பெப்ரவரி 14ஆம் திகதி இரவு தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது, வெடி கொளுத்தினார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் அமைச்சரவை அதை நிறுத்தி வைத்தது. நேரலைக்கு ரீலோட் போடும் செலவுகூட ஊருக்கு வைக்கவில்லை.

காணொளி இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் தருவதா இல்லையா என்று முடிவெடுக்க 14 வேலை நாட்கள். தருவதாக முடிவானால் மேலும் நாட்கள். மறுத்தால் மேன்முறையீடு, அதன் பிறகு ஆணைக்குழு. படுக்கையில் கிடந்தபடி பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு மறந்துபோகக்கூடிய ஓர் அமர்வை, மனிதனுக்குச் சபூரைப் பழக்கும் பயிற்சியாக மாற்றியிருக்கிறோம்.

உண்மையான தீர்க்கதரிசனம் எது என்பதை இனித்தான் சொல்ல வேண்டும். மாதாமாதம் நேரலை போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? சோலைவரி கட்டும் மனிதர் தன் வட்டார உறுப்பினர் எத்தனை அமர்வுக்கு வந்தார் என்று கணக்கு வைத்திருப்பார். டிசம்பரில் பாதீட்டை யார் ஆதரித்தார், அடுத்த மாதம் எந்த வீதிக்குக் கொங்கிரீட் வந்தது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பார். மருதமுனையார் பேசுவதை நற்பிட்டிமுனையாரும், பாண்டிருப்பார் பேசுவதைக் கல்முனைக்குடியாரும் ஒரே நேரத்தில் கேட்டு, எல்லோருக்கும் ஒரே குப்பை, ஒரே வெள்ளம் என்று கண்டுபிடித்திருப்பார்கள். அப்படியொரு பழக்கம் ஊறிய பிறகு, ஒரு மாதம் திரை வெறுமையாக இருந்திருந்தால் சந்தையில் கடைக்குக் கடை விசாரித்திருப்பார்கள். இரண்டு வருடம் வெறுமை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒன்றும் நடக்கவில்லை. காட்டாத அமர்வு நின்றபோது அது நின்றதே பல பேருக்குத் தெரியவில்லை. "சபை இன்னும் இருக்கா காக்கா?" என்று கேட்ட தம்பிக்கு, "ஓம், பில் வருதே" என்று பதில் வந்தது. பார்த்துப் பழகாத ஒன்றை இழந்தால் வலி இல்லை. அந்த வலியிலிருந்து ஒரு மாநகரத்தையே முன்கூட்டிக் காப்பாற்றியவர்களை என்ன சொல்லிப் புகழ்வது!

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. இதுவரை சபையில் இருந்தவர்கள், இனி இருக்கப் போகிறவர்கள், தேர்தலை வராமல் வைத்திருக்க உதவியவர்கள் எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும். பிரதம அதிதி, விசேட அதிதி, கௌரவ அதிதி, நினைவுச் சின்னம், பட்டம், ஒன்றும் குறையக்கூடாது. கமராவுக்குக் கவலையில்லை. முதல் பொன்னாடை விரியும்போதே எட்டுப் பத்துப் பக்கங்களில் நேரலை தொடங்கிவிடும், நன்றியுரை முடியும் வரை ஒரு விநாடியும் வெட்டாமல்.