வாக்குவம் குழாய்களில் இடைச்செருகல் சிக்கல்: ஓர் ஆய்வு

இவ்வாய்வின் எல்லை மஸ்தா ஆர்எக்ஸ்-7 காரின் மூன்றாம் தலைமுறை, அதாவது 1990களின் வண்டி. அதிலும் பானட்டைத் திறந்தவுடன் கண்ணுக்குத் தெரியாத பகுதி. இன்டேக் மேனிஃபோல்டின் மேல்பாகத்தைக் கழற்றினால் அடியில் சோலனாய்டுகளும் கறுப்பு ரப்பர் குழாய்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அமெரிக்க ரசிகர்கள் இதற்கு எலிக்கூடு என்று பெயரிட்டிருக்கிறார்கள். எலிகள் தரப்பு இதுவரை பதிவு செய்யப்படவில்லை.

முதலில் பாயிரம். த்ராட்டில் மூடியிருக்கையில் எஞ்சின் காற்றுக்குத் தவிக்கும். இன்டேக்கில் அழுத்தம் வெளிக்காற்றினும் குறையும். அந்த உறிஞ்சலைக் கொண்டு டயாஃப்ரத்தை இழுத்து வால்வுகளைத் திறப்பது முன்னோர் வழக்கு. அஃதேல், டர்போ ஊதத் தொடங்கியதும் அதே இடத்தில் உறிஞ்சல் போய் அழுத்தம் வந்துவிடுமே எனின், வரும். ஆகவே உறிஞ்சலைச் சேமிக்க ஒரு கலன், அழுத்தத்தைச் சேமிக்க ஒரு கலன், இரண்டும் பின்வாங்காதிருக்க ஒருவழி வால்வுகள் என்றவாறு. (காண்க: வாக்குவம் வரைபடம், ஜெராக்ஸ் பிரதி, மேல் பாதி.)

இத்தனை குழாய்கள் எதற்கு? 1308 சி.சி., இரண்டு ரோட்டர், இரண்டு டர்போ. தாழ்ந்த சுற்றில் முதல் டர்போ மட்டும் உழைக்கும். 4500 ஆர்பிஎம் வாக்கில் இரண்டாவது சேரும். சேரும் கணத்தில் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் அழுத்தம், சற்றே சரிந்து மீளும். 10-8-10 பிஎஸ்ஐ என்பது இதன் யாப்பு. குழாய் ஒன்று வெடித்திருந்தால் தளை தட்டும். ஓட்டுநர் கழுத்தில் உணர்வார். (மேற்படி, கிரீஸ் கறைக்கு மேற்கே. கறையையும் மூலபாடமாகக் கொள்வர் ஒரு சாரார்.)

இனி, எளிமையாக்கம் பற்றிய பள்ளிகள்.

ஒற்றை டர்போவாதிகள் நூலையே எரித்துவிட்டு வேறு நூல் எழுதுபவர்கள், இங்கு ஆராயப்படார்.

காத்தல்வாதிகள் பழைய குழாயைக் கழற்றிப் புதிய சிலிக்கான் குழாயை மாட்டுவர், ஒன்றும் குறைக்கார். பொறுமைசாலிகள். வெப்பத்தில் இறுகிய குழாயை இழுக்காமல் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுப்பர். இழுத்தால் சோலனாய்டின் பிளாஸ்டிக் மூக்கும் கூடவே வரும்.

நீக்கல்வாதிகளே பெரும்பான்மையர். தமக்குப் பொருள் விளங்காத குழாய் எல்லாம் பிற்காலத்தார் இடைச்செருகல் என்பது இவர்கள் கொள்கை. சுவடிப் பதிப்புத் துறையில் இம்முறைக்கு நீண்ட பரம்பரை உண்டு என்பதைப் பணிவுடன் சுட்டலாம். இரண்டு டர்போவும் எப்போதும் சேர்ந்தே ஓடும்படி வால்வுகளைக் கட்டிவிட்டு, சோலனாய்டுகளை அள்ளிப் பெட்டியில் போடுவர். எஞ்சின் அறை பளிச்சென்றாகும். தாழ்ந்த சுற்றில் வண்டி மந்தமாவதை 'முதிர்ச்சி' என்பர். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயில் மட்டும் கை வைப்பதில்லை. இது ஆய்வு முடிபன்று, உயிராசை. (மேற்படி, மடிப்பில் கிழிந்து செலோடேப்பால் ஒட்டிய இடம். ஒட்டும்போது அரை அங்குலம் விலகியதால் பூஸ்டுக்கு வரம்பிடும் வேஸ்ட்கேட்டின் குழாய் நேரே பிரேக் பூஸ்டருக்குள் நுழைகிறது. இப்பாடமே சிறந்தது என்பாரும் உளர். அவர்கள் வண்டி நிற்பதில்லை.)

இரு பள்ளியாரும் ஒரே இடத்தில் வழுக்குவர். அதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை. வேஸ்ட்கேட்டுக்கும், இரண்டாம் டர்போவை முன்கூட்டியே சுழற்றும் ப்ரீகன்ட்ரோலுக்கும் போகும் குழாய்களின் உள்ளே கடுகளவு துளையுள்ள ஓர் உலோகத் துண்டு ஒளிந்திருக்கிறது. 'பில்', அதாவது மாத்திரை என்பார்கள். வெளியே அடையாளம் இல்லை. குழாயை விரலால் நசுக்கிப் பார்த்தால் ஓரிடம் நசுங்காது. அழுத்தம் ஆக்சுவேட்டரை எவ்வளவு சென்றடையலாம் என்பதை அந்தத் துளையே முடிவு செய்கிறது. துளை சிறுத்தால் பூஸ்ட் ஏறும், பெருத்தால் இறங்கும். பழைய குழாயோடு மாத்திரையும் குப்பைக்குப் போகிறது. புதுக் குழாய் பளபளக்க, பூஸ்ட் மட்டும் சொன்ன இடத்துக்கு வராது. உடனே டர்போ பழுது, கம்ப்யூட்டர் பழுது, பெட்ரோல் பழுது எனக் கருதுகோள்கள் குவியும். குப்பைத் தொட்டி மட்டும் யாருடைய நூற்பட்டியலிலும் இடம்பெறாது.

மாத்திரை தொலைந்தோர்க்குப் பரிகாரம் உண்டு: மிக் வெல்டிங் முனையை அறுத்துச் செருகுவது. பல துளை அளவுகளில் கிடைக்கும் என்பதால் பாடபேதங்களும் பெருகின. அளவுக்கு மீறிச் சிறுத்த பாடத்தைத் தேர்ந்தவர்களின் பூஸ்ட் எல்லை கடந்து, எஞ்சின் தட்டி, ரோட்டர் முனையிலுள்ள அபெக்ஸ் சீல் உடைந்தது. ரோட்டரி எஞ்சினில் அதற்குமேல் உரை எழுத இடமில்லை. (மேற்படி, பின்பக்கம், பென்சிலில், 'குழாயை அமுக்கிப் பார்' என்ற ஓரக்குறிப்பு. கையெழுத்து வரைபடத்தினும் பிற்காலத்தது. நீக்கல்வாதிகள் இதையும் இடைச்செருகல் என்று அழிரப்பரால் தேய்த்திருக்கிறார்கள். நான் கண்டது தேய்த்த தடம்.)

நீக்கியதைத் தேடும் கண்ணும் ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் இவ்வண்டிகளின் புகைச் சோதனையில் கண்ணால் சரிபார்ப்பதும் ஒரு பகுதி. சோதனையாளர் பானட்டைத் திறப்பார், குனிவார், இருக்கவேண்டிய புகைக்கட்டுப்பாட்டுப் பாகங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. மேற்கோள் காட்டிய மூலம் உள்ளபடியே இருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் இப்படியொரு பதவி நம் ஆய்வேட்டுத் துறையில் இன்னும் உருவாக்கப்படவில்லை. உருவாக்கும் உத்தேசமும் இருப்பதாகத் தெரியவில்லை.