கலியாண மண்டபம் கடல் தாண்டுமோ, மருமோன்?

மருமோன், நீர் வாங்க நினைக்கிற படகின்ர படப் புத்தகம் வல்வெட்டித்துறைக்கு வந்து சேர்ந்தது. நல்ல கடதாசி. படகு 36 அடி எண்டு போட்டுக்கிடக்கு. படங்களில முக்கால்வாசி உள்ளுக்கை எடுத்தது: சோபா, சமையல் மேசை, ரெண்டு கக்கூசு, கண்ணாடிக் கிண்ணத்தில எலுமிச்சம்பழம். கடல் ஒரு படத்தில நிக்குது, அதுகும் அலையில்லாமல். கலியாண மண்டபம் பிடிக்கப் போற ஆளுக்கு இதைவிட நல்ல புத்தகம் கிடையாது. நீர் சவுத்தாம்டனில இருந்து பிஸ்கே விரிகுடா தாண்டிக் கனேரித் தீவுக்குப் போகப்போறன் எண்டதாலதான் நான் வாய் திறக்க வேண்டிக்கிடக்கு. நான் கப்பலில போசனாய் நிண்ட ஆள். படிச்ச பிள்ளையளுக்குப் புத்தி சொல்ல என்ன தகுதி? கேட்டுப்போட்டு விட்டுவிடும்.

வேகத்தைப் பற்றி விற்கிறவன் பெரிய பொய் சொல்லேல்லை. தண்ணிக்கோட்டு நீளத்தை அடியில எடுத்து, அதின்ர வர்க்கமூலத்தை 1.34 ஆல பெருக்கினால் நொட் கணக்கு வரும். உம்மட தண்ணிக்கோடு 30 அடி, 7.3 நொட். அதுக்கு மேல போனால் படகு தான் எழுப்பின அலையிலேயே ஏற மாட்டாமல் நிண்டு இழுபடும். "நான் பத்தில ஓடினனான்" எண்டு ஆரும் துறைமுகத்தில சொன்னால் மூண்டில ஒண்டு: அலையில சறுக்கினவர், நீரோட்டம் தள்ளினது, இல்லாட்டி ரெண்டாவது போத்தல் முடிஞ்சுது.

பாய்க்கணக்குத்தான் எனக்குப் பிடிச்சது. பாய் 620 சதுர அடி, எடை 12,000 இறாத்தல், பாய்க்கும் எடைக்குமான விகிதம் கிட்டத்தட்ட 19. துடிப்பான படகு எண்டு எழுதியிருக்கிறான். சரி, அந்த 12,000ஐ நிறுக்கேக்குள்ள படகுக்குள்ள ஆர் இருந்தது? ஒருத்தரும் இல்லை. தண்ணி, டீசல், உயிர்காப்புத் தெப்பம், சின்ன ரப்பர் வள்ளம், என்ர மருமகளின்ர அரிசி மா, மிளகாய்த்தூள், நீர் "உதவும்" எண்டு வாங்கி ஒருநாளும் தொடாத ஆயுதப்பெட்டி எல்லாம் ஏற, 3,000 இறாத்தல் சத்தமில்லாமல் கூடும். 19 இறங்கி 16 ஆகும். பத்து மில்லிமீற்றர் நங்கூரச் சங்கிலி 60 மீற்றர் மட்டும் 130 கிலோவுக்கு மேல. அது கிடக்கிறது அணியத்தில. அலைக்கு அலை மூக்கைக் குத்தும், பிள்ளையள் சத்தி எடுக்கும், பாய்க்கணக்கு எழுதினவன் கரையில தேத்தண்ணி குடிப்பான்.

இனி, கவிழுமோ எண்டு பார்க்கிற சூத்திரம். 1979ஆம் ஆண்டு ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியில 303 படகு வெளிக்கிட்டு, புயலில 15 போட்டியாளர் செத்தவை. அதுக்குப் பிறகு அமெரிக்காவில யோசிச்சுப் பிடிச்ச கணக்கு. எடையை 64 ஆல வகுத்து, அதின்ர கனமூலத்தால அகலத்தை வகுக்கவேணும். 2 அல்லது அதுக்குக் கீழ வந்தால் சமுத்திரத்துக்கு உதவும். நான் பேப்பரில போட்டுப் பார்த்தன். உம்மட அகலம் பன்னிரண்டரை அடி, வெறும் படகுக்கு 2.18 வருது. பெயில். சாமான் ஏத்தினால் 2.03. இன்னும் 625 இறாத்தல் ஏத்தினால் சரியாய் 2, பாஸ்! அந்த 625ஐ ஈயமாக்கி ஏராவின்ர அடியில வைச்சாலும், சீமெந்து மூட்டையாக்கிப் பாய்மர உச்சியில கட்டினாலும் சூத்திரத்துக்கு ஒண்டுதான். பாரம் எங்க கிடக்கெண்டு அது கேக்கிறேல்லை. அதால நீர் கேளும்: எத்தினை பாகை சரிஞ்ச பிறகு இது திரும்பி எழும்பாது? 120க்கு மேல எண்டால் கதையைத் தொடரும். விற்கிறவன் சமுத்திர வகை எண்டு ஒட்டியிருக்கிற 'ஏ' எழுத்தைக் காட்டினால், நல்லதெண்டு சொல்லிப்போட்டுத் திரும்பவும் அதையே கேளும்.

பாரமான, ஆமை வேகப் படகு ஒண்டு சொல்லுறன். வெஸ்ட்செயில் 32. அமெரிக்கர் அதை "ஈர நத்தை" எண்டு நக்கலடிக்கிறவை. 19,500 இறாத்தல், அகலம் 11 அடி. அதே கணக்கில 1.63. 1991 ஒக்டோபர் கடைசியில அட்லாண்டிக்கில அடிச்ச பெரும் புயலில 'சடோரி' எண்ட வெஸ்ட்செயில் மாட்டுப்பட்டது. ஆக்களைக் கரையோரக் காவல்படை தூக்கிக்கொண்டு போனது. படகு தன்பாட்டில மிதந்து, மேரிலாந்து மணலில போய்க் குந்திச்சு. ஃபாஸ்ட்நெட்டிலயும் கைவிட்ட 24 படகில தாண்டது அஞ்சுதான். படகைவிட மனிசர்தான் முதல்ல களைச்சுப்போறது. அதாலதான் நான் உம்மட எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சிரிச்சனான். அந்தப் பெரிய சோபா மண்டபத்தில படகு சரியேக்குள்ள எதைப் பிடிப்பீர்? எட்டடி தூரம் கைபிடி இல்லை. முதுகு முட்டிப் படுக்க ஒடுக்கமான படுக்கை ஒண்டும் காணேல்லை. ரெண்டு கக்கூசு இருக்கு, ஓம்.

"பழசெல்லாம் திறம்" எண்டு நான் சொல்லுறன் எண்டு நினைக்காதையும். எங்கட ஊரில கட்டின அன்னபூரணிப் பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவின்ர குளொஸ்டர் துறைக்குப் போய்ச் சேர்ந்தது, எங்கட ஆக்கள்தான் அதில மாலுமியள். சூத்திரம் போட்டுக் கட்டினதில்லை. ஆனால் அது 89 அடி, மருமோன்! உம்மடதோட அதை ஒப்பிட்டு ஊரில வீரம் பேசலாம், பிஸ்கேயில ஏலாது. உம்மட அளவுக்கு வேணுமெண்டால் சுஹைலியைப் பாரும். பம்பாயில தேக்கில கட்டின 32 அடி. ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன் தனி ஆளாய் 312 நாளில உலகத்தைச் சுத்தினவர், நாலு நொட் கணக்கில. அந்த உலகம் சுத்துற போட்டியில ஒன்பது பேர் வெளிக்கிட்டவை, முடிச்சது அவர் ஒருத்தர்.

காசு குடுக்க முதல் படகைத் தரையில தூக்கி வைக்கச் சொல்லும். ஏரா உடம்போட பொருந்துற இடத்தை முன்னும் பின்னும் டோர்ச் அடிச்சுப் பாரும். மயிர்க்கீறலோ துருக்கண்ணீரோ கண்டால் வெளிக்கிடும். சுக்கானை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டும். 'டொக்' எண்டு சத்தம் வந்தால் விலையைப் பாதியாக்கும், இல்லாட்டி வெளிக்கிடும். சுக்கான் பிடிக்கிற பள்ளத்துக்க வாளி வாளியாய்த் தண்ணி ஊத்தி, எவ்வளவு நேரத்தில வடியுது எண்டு பாரும். வடியாத பள்ளம் குளிக்கிறதுக்குத்தான் உதவும்.

பிறகு காத்து 25 நொட் அடிக்கிற நாள் ஒண்டு பார்த்து, ஓட்டிக் காட்டச் சொல்லும். "அடுத்த கிழமை காத்துக் குறையும், அப்ப போவம்" எண்டு விற்கிறவன் சொன்னால், நீரும் காசைப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு, அடுத்த கிழமை பார்ப்பம் எண்டு சொல்லிப்போட்டு வாரும்.