ஏயர்கோனின் வயிற்றெரிச்சல்

கலிக்காமர் கோபப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் அவரைக் கேலி செய்ய எனக்கு வசதியாக இருக்கும்.

வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்தில் பெருமங்கலம் என்று ஓர் ஊர். அங்கே ஏயர்குடி; அதன் கோன்தான் நம் கலிக்காமர். சோழனுக்குப் படைத்தலைமை, சிவனுக்குப் பரம்பரை அடிமை என்று இரண்டு உத்தியோகம் பார்த்த வேளாளர் குடும்பம். இரண்டிலும் ஒரு நாள் லீவு போட்டதாகத் தகவல் இல்லை. அவர்கள் கும்பிட்டது திருப்புன்கூர் சிவனை. கறாரான பேர்வழி. மழை இல்லை என்று ஊர் கதறியபோது 12 வேலி நிலத்தை வாங்கிக்கொண்டு மழையைத் திறந்துவிட்டவர். வெள்ளம் வந்து, "போதும் சாமி" என்று ஊர் மறுபடி ஓடி வந்தபோது, நிறுத்துவதற்கு இன்னொரு 12 வேலி வாங்கினார். ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கு மேல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணத்திலும் சும்மா விடவில்லை. கலிக்காமர் மாப்பிள்ளைக் கோலத்தில் வந்துகொண்டிருக்கும்போதே சிவன் அடியார் வேஷத்தில் பெண் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். மணப்பெண்ணின் கூந்தலைப் பார்த்து, "இது எனக்குப் பஞ்சவடிக்கு, மார்பில் போடும் மயிர்க் கயிற்றுக்கு, ஆகுமே" என்றார். பெண்ணின் அப்பா மானக்கஞ்சாறர் மறுபேச்சில்லாமல் அரிந்து கொடுத்துவிட்டார். அருளால் கூந்தல் மறுபடி வளர்ந்தது, கல்யாணமும் நடந்தது. சாமி கேட்டால் கொடுக்கவேண்டும். அடிமை என்றால் அவ்வளவுதான். இந்தப் பாடத்தில் கலிக்காமருக்கு நூற்றுக்கு நூறு.

அதே சிவன் திருவாரூரில் வேறு ஆள். அங்கே அவருக்குச் சுந்தரர் என்று ஒரு சிநேகிதர். சிவன் கிழவர் வேஷத்தில் ஓலையோடு கல்யாணப் பந்தலுக்குள் வந்து, "நீ எனக்கு அடிமை" என்று வழக்காடியபோது, அவரைப் பித்தன் என்று ஏசியவர். தீர்ப்பு ஆன பிறகு சாமி அந்த வசவையே முதல் சொல்லாக வைத்துப் பாடச் சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்த செல்லம் இது. குண்டையூரில் நெல் மலையாகக் கிடைத்து, சுமக்க ஆள் இல்லையா? பூதங்கள் வந்து சுமந்துபோய்த் திருவாரூரில் கொட்டும். முதுகுன்றத்தில் 12,000 பொன் கிடைத்து, தூக்கிக்கொண்டு போக முடியவில்லையா? அங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளலாம். நம் வங்கிகள் இந்த வசதிக்கு வந்துசேர ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சுந்தரரிடம் அரைக் காணி நிலம்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆரூரில் மனைவி பரவையார் இருக்க, சுந்தரருக்கு ஒற்றியூரில் சங்கிலியாரைக் கண்டதும் மனசு போயிற்று. அதற்கும் சிவன்தான் தரகர். சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்யவேண்டும். சுந்தரர் சிவனைத் தனியாகப் பிடித்து, "நான் சத்தியம் செய்யும்போது நீங்கள் மகிழமரத்தடியில் போய் இருங்கள்" என்றார். உள்ளே ஆள் இல்லாத சன்னிதியில் செய்தால் சத்தியம் ஒட்டாதாம். எந்த வக்கீலும் இதைவிட நன்றாக யோசித்திருக்க முடியாது. சரி என்று தலையாட்டிய சிவன் நேரே சங்கிலியாரிடம் போய், "மகிழமரத்தடியில் செய்யச் சொல்" என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் ஆரூர் ஞாபகம் வந்து சுந்தரர் எல்லை தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் ஒரு கண் என்று தவணையில் திரும்பி வந்தன.

பரவையார் வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. விஷயம் அவர் காதுக்கு முன்பே வந்திருந்தது.

இங்கேதான் சுந்தரர் யாரும் கேட்கத் துணியாத ஒன்றைக் கேட்டார். "நீங்கள் போய்ச் சமாதானம் பேசிவிட்டு வாருங்கள்." சிவனும் நடுராத்திரியில் அர்ச்சகர் வேஷம் கட்டிக்கொண்டு ஆரூர்த் தெருவில் நடந்துபோய்க் கதவைத் தட்டினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே பூசாரியாக வந்தும் பரவையார் கொடுக்கவில்லை. திரும்பி வந்தார். சுந்தரர் பிடித்த பிடியை விடவில்லை. மறுபடி போனார், இந்த முறை சொந்த உருவத்தில், பூதகணங்கள் சூழ. கதவு திறந்தது.

செய்தி பெருமங்கலம் வந்தது. ஏயர்கோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிமை ஏவினானாம், ஆண்டவன் போனாராம்! அதுவும் ஒரு பெண்பிள்ளையின் ஊடலைத் தீர்க்க! அந்த ஆளை நேரில் பார்த்தால் என்ன செய்வேன் தெரியுமா?

எனக்கு இந்த எரிச்சல் நன்றாகப் புரிகிறது. வரிசையில் கால் கடுக்க நிற்கும்போது, பின்னால் வந்தவரை அர்ச்சகர் கை காட்டி உள்ளே கூப்பிட்டால் நமக்கு வருவதும் இதுதான். ஆனால் இங்கே ஒரு சங்கதி இடிக்கிறது. இரண்டு நடை நடந்தது சிவன். கால் வலித்தது கலிக்காமருக்கு. நடந்தவரோ முணுமுணுக்கக்கூட இல்லை.

எரிச்சல் வயிற்றில்தானே குடியிருக்கிறது, சிவனும் அங்கேயே கை வைத்தார். சூலை நோய். அப்பரைச் சமணத்திலிருந்து இழுத்து வந்ததும் இதே சூலைதான். அவரிடம் சோதித்துப் பார்த்த சரக்கு. கலிக்காமர் துடித்துக் கும்பிட்டபோது பதில் வந்தது: "இதை வன்தொண்டன் வந்து தீர்த்தால்தான் தீரும்." வன்தொண்டன் என்றால் சுந்தரர். வைத்தியநாதன் என்ற பெயரிலேயே பக்கத்து ஊரில் குடியிருக்கிறவர், வைத்தியத்துக்கு ஆரூரிலிருந்து ஆள் அனுப்புகிறேன் என்கிறார்.

"தலைமுறை தலைமுறையாக உங்களுக்கு உழைத்த குடும்பம் என்னுடையது. அவன் கையால் தீர்வதைவிட இது இருந்து என்னைக் கொல்லட்டும்" என்றார் கலிக்காமர். ஆண்டவன் ஏவிய வைத்தியத்தை வேண்டாம் என்றது, ஆண்டவனை ஏவலாமா என்று குதித்த அதே வாய்.

சிவன் அங்கே சுந்தரரையும் கிளப்பிவிட்டார். சுந்தரர் வருகிறார் என்று முன்னால் ஆள் வந்து சொன்னதும், அந்த முகத்தைப் பார்க்கும் முன் போய்விடுவது என்று ஏயர்கோன் உடைவாளால் தன் வயிற்றையே கிழித்துக்கொண்டார். நோயும் போயிற்று, ஆளும் போயிற்று.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் அந்த வீட்டு அம்மாள். மானக்கஞ்சாறர் மகள் அல்லவா? தானும் கணவரோடு போவதென்று தீர்மானித்த நேரத்தில், விருந்தாளி வாசலுக்கு வருகிறார் என்று காதில் விழுந்தது. "யாரும் அழாதீர்கள்" என்று வீட்டாரை அடக்கி, எதிர்கொண்டு அழைக்கச் சொன்னார். சுந்தரரை உட்காரவைத்து உபசாரமெல்லாம் நடந்தது. கலிக்காமரைப் பார்க்கவேண்டுமே என்று அவர் கேட்டார். "அவருக்கு ஒன்றும் இல்லை, உள்ளே தூங்குகிறார்" என்றார்கள். "இருந்தாலும் பார்க்காமல் மனசு ஆறாது" என்று சுந்தரர் உள்ளே போனார்.

குடல் சரிந்து கிடந்தவரைப் பார்த்தார். பாட்டு வரவில்லை, சிவனுக்குச் சிபாரிசும் போகவில்லை. "நானும் இவர் போன வழியே போகிறேன்" என்று வாளை எடுத்தார். அவ்வளவு நாளாகக் கேட்டதெல்லாம் வாங்கியே பழகியவர், அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

அந்த நிமிஷத்தில் கலிக்காமர் எழுந்தார், அருளால். எழுந்ததும் முதல் காரியமாகச் சுந்தரர் கையிலிருந்த வாளைப் பிடித்தார். எந்த முகத்தைப் பார்க்கக்கூடாது என்று செத்தாரோ, கண் திறந்ததும் அதே முகம். சுந்தரர் அவர் காலில் விழ, அவர் வாளை வீசிவிட்டுச் சுந்தரர் காலில் விழ, யார் யாரைத் தூக்குவது என்று கொஞ்ச நேரம் குழப்பமாக இருந்திருக்கும். உயிர் திரும்பியதற்கு எத்தனை வேலி என்று திருப்புன்கூர்க்காரர் கேட்கவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் திருப்புன்கூருக்கே போனார்கள். நந்தனாருக்கு வழிவிட்டு நந்தி ஒதுங்கிய கோயில் அது. இன்றைக்கும் ஒதுங்கித்தான் இருக்கிறது. சுந்தரர் அங்கே பாடிய பதிகத்தில் மழைக்கு வாங்கிய வேலிக் கணக்கும் இருக்கிறது, ஏயர்கோனின் நோயும் இருக்கிறது. சிநேகிதனின் வயிற்றுவலியைக் கோயில் பாட்டில் ஏற்றிவிடுவது சுந்தரரால்தான் முடியும்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் எழுதியபோது, ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்கு 400 பாட்டுக்கு மேல் ஒதுக்கினார். முதலில் சில பாட்டு கலிக்காமர், கடைசியில் சில பாட்டு கலிக்காமர். நடுவில் நெல், பொன், சங்கிலி, கண், தூது என்று முழுக்க முழுக்கச் சுந்தரர். வாசலில் பெயர்ப்பலகை ஏயர்கோனுடையது, உள்ளே கூடம், தாழ்வாரம் எல்லாம் சிநேகிதர் குடியிருப்பு. இதற்கு மறுபடி சூலை வந்ததாகத் தகவல் இல்லை.