பட்டன் பாகவதர்

ரிசப்ஷன் மேடைக்கு இடப்பக்கம், ஐஸ்கிரீம் கவுன்ட்டருக்குப் போகிற வழியில், இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே நிற்பவரைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. முன்னால் ஒரு ஸ்டாண்டு, அதன்மேல் 61 கீ உள்ள கீபோர்டு. பக்கத்தில் ஒரு பாடகர், ஒரு பாடகி. அழைப்பிதழில் ‘மாபெரும் இன்னிசைக் கச்சேரி’ என்று அச்சடித்திருப்பார்கள். மாபெரும் என்பது ஸ்பீக்கரைக் குறிக்கும்.

இவர்தான் பட்டன் பாகவதர்.

இவருடைய வலக்கை மெட்டை வாசிக்கும். இடக்கை வேலைக்கு ஆள் வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் மூன்று சுரங்களைச் சேர்த்து அமுக்கிவிட்டால் போதும். டிரம்ஸ், பேஸ் கிட்டார், பின்னணி வயலின் கூட்டம் எல்லாம் உள்ளிருந்து கிளம்பிவிடும். மூன்று விரல் ஜாஸ்தி என்பவர்களுக்கு ஒற்றை விரல் வசதியும் உண்டு. யமஹாவில் ஒரு கீயை அமுக்கினால் மேஜர். அதற்கு இடப்பக்கம் உள்ள கறுப்புக் கீயையும் சேர்த்துக்கொண்டால் மைனர். மாப்பிள்ளை வரவேற்புக்கும் மகள் பிரிவுக்கும் நடுவே ஒரே ஒரு கறுப்புக் கீதான் தூரம்.

சிங்க் ஸ்டார்ட் என்று இன்னொரு பட்டன். அதைப் போட்டு வைத்தால் இடக்கைப் பக்கம் எந்தக் கீ பட்டாலும் தாளம் தானாகத் தொடங்கும். பாகவதர் இதைப் போட்டுவிட்டுக் கர்ச்சீப் எடுக்கக் குனிவார். முழங்கை படும். ‘மணமக்களை ஆசீர்வதிக்க அமைச்சர் வந்திருக்கிறார்’ என்ற அறிவிப்புக்கு நடுவே டிஸ்கோ வெடிக்கும். அமைச்சர் அதைத் தனக்கான மரியாதை என்று எடுத்துக்கொண்டு கும்பிடுவார்.

பாகவதரின் உண்மையான மூலதனம் டிரான்ஸ்போஸ் பட்டன். உலகத்துப் பாட்டுகளையெல்லாம் அவர் ஒரு கட்டை சுருதியில்தான் கற்று வைத்திருக்கிறார். பாடகி வந்து, “அண்ணே, இது எனக்கு அஞ்சு கட்டைண்ணே” என்பாள். “அதுக்கென்னம்மா” என்று பட்டனை மைனஸ் 5-க்குக் கொண்டுபோவார். விரல் பழைய இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் அஞ்சு கட்டையில் வரும். இதில் தப்பொன்றும் இல்லை. சிக்கல் அடுத்த பாட்டில்தான். பட்டனைத் திருப்பி வைக்க மறந்திருப்பார். ஒரு கட்டையில் பாட வேண்டிய பாடகர் சரணத்தில் உச்சஸ்தாயியில் ஏறிக்கொண்டு இறங்க வழி தெரியாமல் தொங்குவார். சபை முழுக்கப் பாடகரைத்தான் பரிதாபமாகப் பார்க்கும். பாகவதரும் அவரைத்தான் பார்ப்பார்.

பெட்டியில் இருக்கும் தாளங்கள் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை, கொஞ்சம் மூன்று. ஏழு எண்ணும் மிஸ்ர சாபுவை அதில் தேடுவது வீண்வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே பாகவதரைத் தேவாலயத்திலும் பார்க்கலாம். கையில் இருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் தெளிவாக அச்சாகியிருக்கும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் காலத்துச் சொத்து அது. பாகவதர் அதை எட்டிக்கூடப் பார்க்காமல் ‘8 பீட்’ போடுவார். பாட்டியம்மாக்கள் பழக்கதோஷத்தில் சாபு தாளத்திலேயே பாடி முடித்து ஆமென் சொல்லும்போது, கீபோர்டு இன்னும் ஒரு சுற்று மிச்சம் வைத்திருக்கும்.

பாகவதரைத் திட்டுவதற்கென்றே ஒரு கோஷ்டி உண்டு. சபாவில் முன்வரிசை. கமகம் வராத கருவி ஒரு கருவியா, தோடியில் காந்தாரத்தை ஆட்ட முடியுமா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயம்தான். ஆனால் அதைக் கேட்கும் வித்வானின் முழங்காலருகே சின்னப் பெட்டி ஒன்று மின்சாரத்தில் தம்பூரா மீட்டிக்கொண்டிருக்கும். தம்பூராக்காரர் எப்போது காணாமல் போனார் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தச் சண்டையும் புதிதல்ல. ஹார்மோனியத்துக்குக் கமகம் வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தடை செய்தது. 1971 வரை கதவு திறக்கவில்லை. அதே ஹார்மோனியம் நாடக மேடையில் ராஜ்யம் நடத்தியது. நாடக நடிகர் கிட்டப்பாவுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர்தான் ஹார்மோனியம். நடிகர் எந்தச் சுருதியில் எடுத்தாலும் பிடிக்க வேண்டும், அடியை விட்டால் தாங்க வேண்டும், மூச்சு வாங்கினால் இடத்தை நிரப்ப வேண்டும். மேடை ஹார்மோனியக்காரரின் வேலை அதுதான். கமகம் இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த காரியத்தில் பாதி காதில் நடந்தது.

பட்டன் பாகவதரிடம் குறைவது அந்தக் காது. பாடகி சரணத்துக்கு ரெண்டு அடி முன்னாலேயே குதித்துவிட்டாள் என்றால் தபலாக்காரர் கண்ணால் ஒரு சைகை காட்டி ஒரு தீர்மானம் வைத்து அவளோடு சேர்ந்துகொள்வார். பெட்டி அப்படிச் சேராது. ரெண்டு அடி பின்னால், தான் சரி என்ற நிம்மதியோடு அது வந்துகொண்டேயிருக்கும். வருஷக்கணக்கில் இப்படி ஒரு கூட்டாளியோடு வாசித்தவருக்கு இன்னொரு மனிதரைக் கேட்டு வாசிக்கும் பழக்கமே விட்டுப்போகிறது.

பெட்டியின் மேல் பழி போட்டுவிடவும் முடியாது. 1981-இல் காசியோ நிறுவனம் எம்டி-40 என்று ஒரு சின்ன கீபோர்டு வெளியிட்டது. அதன் ‘ராக்’ தாளத்தையும் பேஸ் மெட்டையும் அமைத்தவர், கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த ஹிரோகோ ஒகுடா என்ற ஜப்பானியப் பெண். அந்தப் பெட்டி ஜமைக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே யாரோ பட்டனை அமுக்கினார்கள், அதோடு நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். 1985-இல் கிங் ஜாமி தயாரிப்பில் வெய்ன் ஸ்மித் அதன்மேல் ஒரு பாட்டுப் பாடினார். ரெகே இசையே மின்னணுப் பக்கம் திரும்பியது. நம் பாகவதரிடமும் வேகத்தைக் குறைக்கும் பட்டன் இருக்கிறது. பந்தி சீக்கிரம் நகர வேண்டும் என்பதால் அவர் கூட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறார்.

இங்கேயே ‘கீபோர்டு’ சத்யா என்று அறியப்படும் கே. சத்யநாராயணன் இருக்கிறார். சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தை இடக்கையால் உருட்டிக் கமகம் கொண்டுவந்து, மிருதங்கத்தோடு முழுக் கச்சேரி செய்கிறார். பாகவதரின் கீபோர்டிலும் அதே சக்கரம் உண்டு. போலீஸ் சைரன் கேட்டால் அவர் அதை உருட்டுவார்.

இப்போது தெருவுக்குத் தெரு கீபோர்டு வகுப்பு. லண்டன் டிரினிட்டி கல்லூரி எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கென்றே தனித் தேர்வு வைத்திருக்கிறது. நல்ல வாத்தியார் தாளத்தை நிறுத்திவிட்டுப் பையனை வாயால் தாளம் சொல்ல வைக்கிறார். மற்றவர் முதல் வாரமே ‘எண்டிங்’ பட்டனைக் காட்டிக் கொடுத்து அப்பாவைக் கைதட்ட வைக்கிறார். ஃபீஸ் ரெண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பாகவதருக்கு வாசிக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எப்போதாவது, முகூர்த்தம் நெருக்கிய சீசனில், டோலக்குக்கு ஒரு நல்ல பையன் கிடைப்பான். அன்றைக்குப் பெட்டியின் தாளத்தை அணைத்துவிட்டு வெறும் பியானோ சத்தத்தில் பழைய மெலடி ஒன்றை எடுப்பார். பாடகி ஓர் அடி நீட்டினால் இவரும் நீட்டுவார், டோலக் சிரித்துக்கொண்டே காத்திருந்து பிடிக்கும். இடக்கையின் சுரக்கூட்டு எங்கே மாற வேண்டுமோ அங்கே மாறும். பின்வரிசையில் ரெண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

சரணம் முடிவதற்குள் பெண்ணின் சித்தப்பா மேடையேறி வந்துவிடுவார்.

“என்ன தம்பி, சவுண்டே இல்ல? மீதி ஆளெல்லாம் சாப்பிடப் போயிட்டாங்களா?”

“இதோ போட்டுடறேன் சார்” என்று பாகவதர் பட்டனைத் தேடுவார்.